தலைக்கு 30 கிலோ

பாளையங்கோட்டை. முருகன்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தெரு. மாடி வீடு. கேட்டில் அட்டை தொங்குகிறது: 'வீடு வாடகைக்கு.' கீழே வீட்டுக்காரரின் செல் நம்பர். கடைசி இரண்டு எண்ணும் மழையில் கரைந்துவிட்டன. அப்படியும் ஆள் வருகிறது.

மாடியில் நாலு பெட்டிகள் வாய் திறந்து கிடக்கின்றன. நாலும் நீலம். ஒரே கடை, ஒரே தள்ளுபடி. கொக்கி வைத்த சின்னத் தராசு ஒன்று கதவுப் பிடியில் மாட்டியிருக்கிறது. விமானத்தில் தலைக்கு 30 கிலோ. நாலு பேருக்கு 120.

சுவரோரம் ஐந்தாவதாக ஒரு தகரப் பெட்டி. ஆச்சியுடையது. பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்தாகிவிட்டது. அதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அது நாசரேத்துக்குப் போகிறது, சின்ன மகன் வீட்டுக்கு. பஸ்ஸில் கிலோக் கணக்கு கிடையாது.

மற்ற நாலு பேரும் கம்போடியாவுக்கு, புனோம் பென்னுக்கு.

குடும்பத் தலைவர் மிஷனெரி. பதினொரு வருடம் ஜார்க்கண்டில் ஊழியம் செய்தவர். அங்கே போனபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பெட்ஷீட், ஒரு டார்ச் லைட். இப்போது பட்டியல் நாலு பக்கம். மனைவி எழுதியது. சில சாமான்களுக்கு எதிரே டிக், சிலவற்றுக்குக் கேள்விக்குறி. 'மிக்ஸி' என்பதற்கு இரண்டும்.

மிக்ஸி பெட்டிக்குள் போகிறது. தராசு 31.4 காட்டுகிறது. மிக்ஸி வெளியே வருகிறது. ஜார் மட்டும் உள்ளேயே இருந்துவிடுகிறது. யாரும் கவனிக்கவில்லை.

இட்லித் தட்டு, குக்கர் காஸ்கெட் மூன்று, விசில் இரண்டு, உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, மோர் மிளகாய், இரண்டு வேதாகமம், ஒரு கீர்த்தனைப் புத்தகம். வேதாகமம் ஒன்று ஆச்சி காலத்துப் பெரிய எழுத்துப் பிரதி. 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மகள் அதைக் கையில் தூக்கிப் பார்க்கிறாள். கருப்பட்டியையும் தூக்கிப் பார்க்கிறாள். அப்பா முகத்தைப் பார்க்கிறாள். கருப்பட்டி பாதியாகிறது.

*

ஜெபத்துக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கு ஒரு கிலோ அல்வா.

"அங்க கிடைக்காதுல்லா."

கிடைக்காதுதான். எல்லாரும் முழங்கால் போடுகிறார்கள். ஜெபம் முடிகிறது. வந்தவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

"சம்பளம் டாலர்லயா பிரதர்?"

பிரதர் சிரிக்கிறார். சமையலறை மேடையில் அல்வா டப்பாக்கள் பதினொன்று. ஒரு டப்பாவை மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள். மறுநாள் பக்கத்து வீட்டம்மா வழியனுப்ப வருகிறாள், கையில் அல்வாவோடு.

*

மாலை 4.30. புனோம் பென்னில் 6. போன் வழியாக வீடு பார்க்கிறார்கள். இந்தப் பக்க ஜன்னலில் வெயில் இன்னும் சுவர் மேல் இருக்கிறது. போன் திரையில் தெருவிளக்கு எரிகிறது.

போனைப் பிடித்து நடப்பது அங்கே ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கும் பிலிப்பைன்ஸ் சகோதரி. டுக்டுக்கிலிருந்து இறங்குகிறார். படம் ஆடுகிறது. ஒரு காலணி தெரிகிறது, ஒரு நாய், ஒரு இரும்பு மடக்குக் கதவு.

முதல் வீடு. விளம்பரத்தில் 'ஈ 1' என்று போட்டிருக்கிறது. தரைத்தளம் 'ஈ 0', அதற்கு மேலே 'ஈ 1'. 1863-லிருந்து 1953 வரை இருந்த பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் என்கிறார் சகோதரி. வீட்டின் அகலம் 4 மீட்டர். நீளம் 16. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல். நடுவில் பகலிலும் லைட் போடவேண்டும்.

ஆச்சி பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

"ரயில் பெட்டி மாதிரில்லா இருக்கு."

மனைவி போனுக்கு அருகே குனிகிறாள். "தண்ணி வருதான்னு கேளுங்க." கேட்கப்படுகிறது. குழாய் திறக்கப்படுகிறது. தண்ணீர் விழும் சத்தம் கடல் தாண்டி வருகிறது. "கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லுங்க." ஓடுகிறது. ஹாலில் ஐந்து பேர் பேசாமல் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கிறார்கள்.

"மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி ஏறுமா?"

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. அதற்குப் பிறகு இந்த ஊரில் வீடு பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. அங்கே மேக்கோங் பெருகினால் தோன்லே சாப் ஆறு திசை திரும்பி, வந்த வழியே ஏரிக்குப் பாய்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் நடப்பது. மகன் இதைப் புத்தகத்தில் படித்துவிட்டான். சொல்லவும் செய்கிறான். அம்மா கேள்வியை இன்னொரு தரம் கேட்கச் சொல்கிறாள்.

"தெருவில் கொஞ்சம் நிற்கும், சகோதரி. மாடிக்கு ஏறாது."

இரண்டாவது வீடு நல்ல வீடு. இரண்டு படுக்கையறை, வெள்ளை டைல்ஸ், சமையலறையில் ஜன்னல். மாதம் 300 டாலர். வீட்டுக்கார அம்மாள் கீழே குடியிருக்கிறார். போன் அவர் வீட்டுத் தரையைக் கடக்கிறது. தரையோடு தரையாகச் சிவப்பு மரத்தில் ஒரு சிறு கோயில். உள்ளே சிவப்பு பல்பு. முன்னால் மூன்று ஊதுபத்தி, ஒரு தட்டில் ஆரஞ்சு. மாடிக்குப் போகும் படி அதைத் தொட்டாற்போல் ஏறுகிறது.

ஹாலில் யாரும் பேசவில்லை. மகன் மட்டும் கேட்கிறான்.

"அந்த ஆரஞ்ச யார் சாப்பிடுவா?"

மிஷனெரி தொண்டையைச் செருமுகிறார். அந்தக் கோயிலை வேறு பக்கம் மாற்றி வைக்க முடியுமா என்று சகோதரியிடம் மெல்லக் கேட்கிறார். சகோதரி கெமர் மொழியில் ஏதோ சொல்கிறார். வீட்டுக்கார அம்மாள் சிரிக்கிறார். நெடுநேரம் சிரிக்கிறார். சகோதரி அதை மொழிபெயர்க்கவில்லை.

இப்போது வீட்டுக்கார அம்மாளின் முறை. எத்தனை பேர்? நாலு. பிள்ளைகள் பெரியவர்களா? ஒன்பதாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. சமையல் காரமா? கொஞ்சம். என்ன வேலை?

ஒரு நொடி.

"ஆசிரியர்" என்கிறார் மிஷனெரி.

வாரத்தில் மூன்று நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறார். பொய்யில்லை. மனைவி அவரைப் பார்க்கிறாள். பிறகு மேடையில் இருக்கும் அல்வா டப்பாக்களைப் பார்க்கிறாள்.

மின்சாரம் தனி. யூனிட்டுக்கு 1,000 ரியல், அதாவது கால் டாலர். அரசாங்க விலை அதைவிடக் குறைவு. மீட்டர் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. இதற்கு மட்டும் இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

*

படியில் செருப்புச் சத்தம். வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். பாங்கில் வேலை பார்ப்பவர், மனைவி, இடுப்பில் குழந்தை. கூடவே வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே வருகிறார்.

வந்த பெண் நேரே சமையலறைக்குப் போகிறாள். குழாயைத் திறக்கிறாள். ஓட விடுகிறாள்.

"எத்தனை பேர் இருப்பீங்க?" என்கிறார் ஹெட்மாஸ்டர். "எங்க வேலை?"

பூஜை அறை இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். இல்லை. சமையலறைச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. அதில் ஊறுகாய் ஜாடி. ஜாடியை எடுத்துவிட்டு மிஷனெரியின் மனைவி மாடத்தைக் காட்டுகிறாள். முந்தானையால் ஒரு தரம் துடைத்தும் காட்டுகிறாள்.

வெளியே வரும்போது பாங்க்காரர் வாசல் நிலைக்கு மேலே பார்க்கிறார். சுவரோடு சுவராகச் சிமெண்ட்டில் ஒரு சிலுவை.

"இத எடுத்துக்கிடலாமா சார்?"

ஹெட்மாஸ்டரும் சிரிக்கிறார். "வீடு கட்டும்போதே போட்டதுல்லா" என்கிறார்.

*

பிரிட்ஜை வாங்கியவர் ஆட்டோவோடு வந்திருக்கிறார். கதவில் காந்தம் ஒட்டிய ஜெப அட்டைகள் ஏழெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மிஷனெரிக் குடும்பம், ஏதோ ஒரு வீட்டின் முன் நின்று சிரிக்கிறது. பின்னால் ஓட்டு வீடு, தகர வீடு, மலை. வாங்கியவர் ஒவ்வொன்றாக உரித்து மேசை மேல் அடுக்குகிறார். காந்தம் நன்றாக இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்கிறார்.

இந்தக் குடும்பத்துக்கும் அட்டை தயாராகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் முதலில் "நல்லா சிரிங்க" என்றார். பிறகு "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார். குறைத்த படம்தான் அச்சாகியிருக்கிறது.

பழைய பேப்பர்காரர் மிஷனெரிப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகத் தராசில் ஏற்றுகிறார். இன்று இந்த வீட்டில் ஏறும் இரண்டாவது தராசு. இதற்கு மேல்வரம்பு இல்லை.

மகனின் சைக்கிள் எதிர்வீட்டுப் பையனுக்கு. கொடுப்பதற்கு முன் ஸ்பேனர் வாங்கி வந்து பெல்லை மட்டும் கழற்றிக்கொள்கிறான். பெல் நீலப் பெட்டிக்குள், சாக்ஸுக்குள்.

மகளுக்கு ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து டி.சி. வாங்கியாகிவிட்டது. பத்தாம் வகுப்பு தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கெமர் எழுத்து எழுதிப் பழகுகிறாள். மெய்யெழுத்து 33. பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து. வரிசை 'க'வில்தான் தொடங்குகிறது. முதல் நாலு அவளுக்கு வந்துவிட்டது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கோலமா?" என்கிறாள்.

*

மிஷனெரியை அனுப்பும் சங்கத்தின் அலுவலகக் கூடம். சுவரில் அசரியாவின் படம், லேசாகச் சாய்ந்து. 1874–1945. வெள்ளாளன்விளைக்காரர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் முதன்மையானவர். வெள்ளைக்காரப் பணம் இல்லாமல் இந்தியப் பணத்தில், இந்திய ஆட்களைக் கொண்டு. அப்போது இங்கிருந்து ஆள் போன தூரதேசம் நிஜாம் சீமையின் டோர்னக்கல். அதுவும் வேறு மொழி, வேறு அரசு.

அவருக்கும் முன்னால், 1820-ல், பிரஷ்யாக்காரரான ரேனியஸ் இந்த ஊருக்கு வந்தார். 1838-ல் இங்கேயே இறந்தார். கல்லறை ஊருக்குள்தான். அந்தக் காலத்து மிஷன் பங்களாக்களில் கூரை உயரம், தாழ்வாரம் அகலம். கூடத்தில் காத்திருக்கும் மிஷனெரி கைபேசியில் 4 மீட்டர் அகல வீட்டை இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறார்.

மேசை மேல் பிடியரிசிக் கணக்கு. சேகரத்துப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து டப்பாவில் போடுகிறார்கள். மாதக் கடைசியில் அரிசி ஒன்றாகக் கொட்டப்பட்டு ஏலம் போகிறது. ஏலம் எடுத்த காசு நோட்டில் ஏறுகிறது. பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்த அரிசி. பெரும்பாலும் இட்லிக்கு வாங்குகிறார்கள்.

வண்ணார்பேட்டையில் டாலர் மாற்றும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் நோட்டுகளை எண்ணித் தள்ளுகிறாள். மிஷனெரி ஒவ்வொரு நோட்டையும் டியூப்லைட்டுக்கு எதிரே பிடிக்கிறார். ஓரம் கிழிந்தால் புனோம் பென்னில் வாங்கமாட்டார்கள். ஒரு நோட்டில் நகம் அளவு கிழிசல். திருப்பித் தருகிறார். அவள் அதை வாங்கி, நீவி, அடுத்த கட்டில் சொருகிக்கொள்கிறாள்.

*

ஊசிக்கோபுரம் என்று ஊர் சொல்லும் தூய திரித்துவப் பேராலயம். 1826-ல் கட்டியது. வழியனுப்பு ஆராதனை. குடும்பம் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிறது. குருமார்கள் தலைமேல் கை வைக்கிறார்கள். மிஷனெரியின் தலையில் மட்டும் ஏழு கைகள். ஜெபம் நீளுகிறது. நாடுகள், இராஜாக்கள், வாசல்கள், விசா எல்லாம் வருகின்றன. வாடகை வரவில்லை. மகன் ஒரு கண்ணைத் திறந்து கைகளை எண்ணிவிட்டு மூடிக்கொள்கிறான்.

ஆமென். மிஷனெரி எழுந்ததும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுக்கிறார்.

ஆச்சி கடைசி பெஞ்சில். காணிக்கைப் பை வரும்போது முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். உள்ளே மடித்த நோட்டு ஒன்றும் பெட்டிச் சாவியும். நோட்டைப் போடுகிறாள்.

*

சாவி ஒப்படைக்கும் நாள். ஹெட்மாஸ்டர் அறை அறையாக நடக்கிறார். ஆணி அடித்த இடங்களை விரலால் தொடுகிறார். அட்வான்ஸ் 60,000. பெயிண்டுக்கு 8,000 பிடிக்கிறார். எல்லாரும் பிடிப்பதுதான். மீதி 52,000. எண்ணிக் கொடுத்துவிட்டு, "கர்த்தர் உங்களோட இருப்பார்" என்கிறார். மனதாரத்தான் சொல்கிறார்.

புனோம் பென்னில் ஒரு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் சேர்ந்து 600 டாலர். 52,000 ரூபாய் அதற்குக் கொஞ்சம் குறைகிறது. குறைந்தது பிடியரிசிக் கணக்கிலிருந்து வருகிறது. இரண்டாவது வீடுதான் முடிவாகியிருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தம், மின்சாரம் தனி, சிவப்புக் கோயில் இருந்த இடத்தில்.

மாடி வீட்டில் பாங்க்காரர் பால் காய்ச்சுகிறார். புது வாடகை 11,000. முன்பு இருந்ததைவிட 1,500 கூடுதல். பெயிண்ட் அடிக்கவில்லை.