பூனைக்கு இருமல்: வேப்பேரியில் ஒரு காலை

காலை எட்டு மணிக்கெல்லாம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் ஆட்டோக்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடுகின்றன. ஒன்றிலிருந்து ஒரு லேப்ரடார் தானே குதித்து இறங்குகிறது. இன்னொன்றிலிருந்து ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டபடி ஒருவர் இறங்குகிறார். பழைய சென்னைக்காரர்களுக்கு இது இன்னமும் மாட்டாஸ்பத்திரிதான். 1903-இல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் ஆரம்பித்த கல்லூரி இது. 1989-இல் கால்நடைகளுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் உருவானபோது அதில் சேர்ந்தது. இன்றைக்கு வாசலில் நின்று பார்த்தால் நாய்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. பூனைகள் கூடைக்குள் இருப்பதால் தெரிவதில்லை, சத்தம்தான் வருகிறது.

என் கூடைக்குள் இருப்பது மிளகு. நான்கு வயது, நாட்டுப் பூனை. சில வாரங்களாக இருமல். அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இருந்த இடத்திலேயே உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொள்ளும். கழுத்து முன்னால் நீளும், முன்னங்கால்களின் முட்டிகள் இரண்டு பக்கமும் அகலும். பிறகு அடிவயிறு உள்வாங்க, வறண்ட இருமல் நான்கைந்து தடவை தொடர்ந்து வரும். கடைசியில் எதையோ விழுங்குவது போலத் தொண்டை ஒரு முறை அசையும். அவ்வளவுதான். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "முடி சிக்கியிருக்கும், கக்கிடும்." ஆனால் எதுவுமே வெளியே வரவில்லை. ஒரு நாள் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த பூனையின் விலாவில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு வெளியே போகும்போதெல்லாம் மெலிதாக விசில் சத்தம். சின்ன வயதில் வீசிங் வந்த என் தம்பியின் நெஞ்சில் கேட்ட அதே சத்தம். அதற்குப் பிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

சீட்டுப் போடும் இடத்தில் கேள்விகள் வேகமாக வருகின்றன. பெயர், வயது, ஆணா பெண்ணா, குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா, தடுப்பூசி போட்டாச்சா. சீட்டை வாங்கிக்கொண்டு கூடையை என் காலடியில் வைக்கப் போனேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் கை காட்டித் தடுத்தார். "அக்கா, கீழ வைக்காதீங்க. பெஞ்சு மேல வச்சு துண்டு போட்டு மூடுங்க. நாய் வந்து மோந்து பாத்துச்சுன்னா பயந்தே மூச்சு வாங்கும்." அப்படியே செய்தேன். கூடைக்குள் கத்தல் அடங்கியது. மூச்சுத் திணறும் பூனைக்குப் பயம் பாதி வியாதி என்பதை டாக்டர் பிறகு சொன்னார். அதை இந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

எங்களுக்கு முன்னால் புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு பெரியவர், மடியில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் வெள்ளைப் பூனை. வாயைத் திறந்து, நாக்கு தெரிய மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "வெயில்ல வந்ததால இரைக்குதும்மா" என்றார். அந்தப் பக்கமாகப் போன பயிற்சி மாணவி ஒருத்தி பெட்டியை எட்டிப் பார்த்தாள். டோக்கன் நம்பரைக் கூடக் கேட்கவில்லை. "ஐயா, எந்திரிங்க, உள்ள வாங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வெயிலில் நாய் வாயைத் திறந்து மூச்சு விடுவது சாதாரணம். பூனை அப்படிச் செய்தால் அதன் உடம்பில் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். உள்ளே முதலில் ஆக்சிஜன் வைத்து, தனியாக அமைதியாக விட்டார்கள். மூச்சு கொஞ்சம் சீரான பிறகுதான் மற்றதெல்லாம். திணறும் பூனையை இழுத்துப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் மேஜையிலேயே உயிர் போய்விடக்கூடும். ஒரு மணி நேரம் கழித்துப் பெரியவர் வெளியே வந்து, நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்ததாகவும் ஊசி போட்டு அதை எடுத்ததாகவும் சொன்னார். எதனால் கோத்தது என்று பார்க்க அந்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மூச்சு வாங்குகிற எல்லாப் பூனைக்கும் ஒரே வியாதி இல்லை என்பது அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் முறை வந்தது. டாக்டர் இளம்வயதுப் பெண். முதலில் கூடையைத் திறக்கவே இல்லை. துண்டை விலக்கிவிட்டு, கையில் வாட்சைப் பார்த்தபடி மிளகின் விலா ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் எண்ணினார். பிறகு என்னிடம், "இருமும்போது வீடியோ எடுத்தீங்களாம்மா?" என்றார். செல்போனில் காட்டினேன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "இது வாந்தி இல்லை. வாந்தின்னா வாய் அகலமாத் திறக்கும், ஏதாவது வந்து விழும். இங்க பாருங்க, கடைசில முழுங்குது. இது இருமல்தான்." ஆஸ்பத்திரிக்கு வந்தால் பூனை இருமாது. பயத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கும். அந்த வீடியோ இல்லாவிட்டால் நான் வாயால் சொல்வதை வைத்துத்தான் அவர் ஊகித்திருக்க வேண்டும்.

கேள்விகள் நுணுக்கமாக வந்தன. வெளியே போகுமா? எலி, பல்லி பிடித்துத் தின்னுமா? நத்தையிலிருந்து பல்லிக்கும் எலிக்கும் போய், அங்கிருந்து பூனையின் நுரையீரலுக்குப் போகும் புழு ஒன்று இருக்கிறதாம். அதுவும் இதே இருமலைத்தான் கொண்டுவரும். கொசுக்கடியால் வரும் இதயப்புழுவும் அப்படியே. தும்மல், சளி, கண்ணில் நீர் உண்டா? எடை குறைந்ததா? சாப்பாடு எப்படி? "நாய்க்கு இதயம் கெட்டா இருமும். பூனைக்கு இதயம் கெட்டா பெரும்பாலும் இருமாது, வேகமா மூச்சு வாங்கும். அதனால இருமல்னு வந்தா நாங்க முதல்ல மூச்சுக்குழாயைத்தான் சந்தேகப்படுவோம்" என்றார்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் ஒரு சிக்கல். மிளகு குறுகுறுவென்று தொண்டையை உருட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் நுரையீரலும் கேட்காது, இதயமும் கேட்காது. டாக்டர் சிரித்துக்கொண்டே அதை வாஷ்பேசின் பக்கம் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழும் சத்தத்தில் பூனை காதை விறைத்துக்கொண்டு கப்பென்று நிறுத்தியது. அந்த இடைவெளியில் முதுகு, விலா என்று நான்கு இடங்களில் கேட்டு முடித்துவிட்டார். என்னிடமும் கருவியைக் கொடுத்தார். மூச்சு உள்ளே போவது சுத்தமாக இருந்தது. வெளியே வரும்போது மட்டும் நீளமாக, இழுத்துக்கொண்டு விசில்.

எக்ஸ்ரே அறையில் இரண்டு படம் எடுத்தார்கள், ஒன்று பக்கவாட்டில், இன்னொன்று மேலிருந்து. மானிட்டரில் டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும். அந்தக் கறுப்புக்குள் அங்கங்கே சின்னச் சின்ன வெள்ளை வளையங்கள். வேறு சில இடங்களில் ஒன்றையொன்று ஒட்டி ஓடும் இரண்டு வெள்ளைக் கோடுகள். "மூச்சுக்குழாய் சுவர் வீங்கித் தடிச்சிருக்கு. குறுக்கே பார்த்தா மெதுவடை மாதிரி வட்டமாத் தெரியும், நெடுக்கே பார்த்தா தண்டவாளமாத் தெரியும். ரெண்டும் ஒண்ணுதான்." விட்ட மூச்சு முழுதாக வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குவதால் நுரையீரல் கொஞ்சம் உப்பியும் இருந்தது. ஆஸ்துமா இருக்கும் சில பூனைகளுக்கு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்குமாம். படம் நன்றாக இருக்கிறதென்று நிம்மதியாகிவிடக் கூடாது என்றார்.

மனிதர்களுக்கு வருவது போலவே பூனைக்கும் ஆஸ்துமா வரும். ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று மூச்சோடு போய், குழாயின் உட்சுவர் வீங்கி, சளி கட்டி, சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் தலைகாட்டும். இரத்தப் பரிசோதனை ஒன்றை வைத்து ஆஸ்துமா என்று முத்திரை குத்திவிட முடியாது. புழு, கிருமித் தொற்று என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். அதனால் மலப் பரிசோதனைக்கும் எழுதினார். புழு மருந்தும் கொடுத்தார். முழுசாகக் குணமாகிற வியாதி இல்லை, ஆனால் கட்டுக்குள் வைத்தால் பூனை தன் ஆயுசு வரைக்கும் நன்றாகவே இருக்கும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பண்பை நான் மறக்க மாட்டேன்.

மருந்து: ஆரம்பத்தில் பிரெட்னிசலோன் மாத்திரை, கூடவே இன்ஹேலர். மாத்திரையிலேயே வருஷக்கணக்கில் ஓட்டினால் பூனைக்குச் சர்க்கரை வியாதி வர வாய்ப்பு உண்டு. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது பிடிக்க ஓரிரு வாரம் ஆகும். அதுவரை மாத்திரை, பிறகு டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடனே குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் தனி. அது திணறல் வரும்போது மட்டும்.

பூனைக்கு இன்ஹேலரா என்று நானும் மலைத்தேன். கைக்குழந்தைகளுக்கு விற்கும் ஸ்பேசரும் சின்ன மாஸ்க்கும்தான். ஒரு மாணவன் செய்து காட்டினான். முதலில் மருந்தில்லாமல் மாஸ்க்கின் விளிம்பில் கொஞ்சம் மீன் குழம்பைத் தடவி மோந்து பார்க்க விட வேண்டும். பழகிய பிறகு இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசருக்குள் அமுக்கி, மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கைப் பிடித்து, ஏழிலிருந்து பத்து மூச்சு வரை எண்ண வேண்டும். "சண்டை போட்டுப் பிடிக்காதீங்கம்மா. ஒரு நாள் பயந்துட்டா மறுநாள் கட்டிலுக்கு அடியில போயிடும்." அரசு மருத்துவமனையில் பார்க்கும் செலவு குறைவுதான். இன்ஹேலரை வெளியே மருந்துக்கடையில் வாங்க வேண்டியிருந்தது.

எழுந்திருக்கும்போது டாக்டர் கேட்டார்: "வீட்ல கொசுவர்த்தி கொளுத்துவீங்களா?" கொளுத்தாத வீடு சென்னையில் எது? வெள்ளிக்கிழமை சாம்பிராணி, காலையும் மாலையும் ஊதுபத்தி, நாற்றம் போக அடிக்கும் ஸ்ப்ரே, மணமூட்டிய பூனை மணலிலிருந்து கிளம்பும் தூசி, யாராவது பிடிக்கும் சிகரெட். எல்லாம் தரையோடு தரையாக வாழும் ஒரு நான்கு கிலோ உயிரின் நெஞ்சுக்குள் போகிறது. மருந்து எவ்வளவு கொடுத்தாலும் புகை நிற்காவிட்டால் இருமல் நிற்காது என்று தெளிவாகச் சொன்னார். அன்று சாயங்காலமே கொசுவர்த்தியை எடுத்துப் போட்டேன், ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. சாமி விளக்குக்கு ஊதுபத்தி வேண்டாம், பூ போதும் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். இந்த ஒரு மாற்றம் மாத்திரைக்குச் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும். சளிக்கென்று குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. இருமுகிற பூனைக்கு அன்பினால் அரை மூடி சிரப் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தைலம் தடவுவதும் யூக்கலிப்டஸ் ஆவி பிடிக்க வைப்பதும் அதே போலக் கேடு.

வீட்டில் செய்ய அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். பூனை அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கு வைத்து 30 விநாடி எண்ணி, இரட்டிப்பாக்கிக் குறித்துவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதைத் தாண்டினால் உடனே வரச் சொன்னார்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க நேரம் இருக்காது. உங்கள் ஊரில் ராத்திரியிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே ஆக்சிஜன் வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்து, அந்த நம்பரைச் செல்போனில் பதிந்துவையுங்கள்.