பெருவிரல் உயர்ந்தபோது



ஒரு வாளித் தண்ணீரில் பனிக்கட்டிகளைப் போட்டு, உங்கள் கையை மணிக்கட்டு வரை அதில் அமிழ்த்தி, நிதானமாய் அறுபது வரை எண்ணிப் பாருங்கள். முப்பதை எட்டுமுன்னே விரல்கள் வலிக்கத் தொடங்கும். ஏறத்தாழ அத்தகைய தண்ணீருக்குள் மனமுவந்து இறங்கி, அரைமணி நேரம் உலாவிவிட்டுத் திரும்புகிற மனிதர் உண்டு. அவர்களுள் இருவர் என் இளமைக்கால நண்பர்கள். ஒருவர் எங்களுக்கு மூத்தவர். அவரை அண்ணன் என்றே அழைப்போம். மற்றவர் என்னிலும் இளையவர். ஒரு ஜூன் மாதத்தில் அவர்களோடு ஐஸ்லாந்து தேசத்தில் கழித்த ஒரு பகற்பொழுதைக் குறித்தே உங்களுக்கு எழுதுகிறேன்.

தலைநகராகிய ரெய்க்யாவிக்கிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் திங்வெட்லிர் என்னும் தேசியப் பூங்கா இருக்கிறது. கி.பி. 930-ல் ஆல்திங் என்னும் மக்கள் மன்றம் முதன்முதலாகக் கூடியது இவ்விடத்தில்தான். 2004-ல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வட அமெரிக்க நிலத்தட்டும் ஐரோவாசிய நிலத்தட்டும் ஆண்டொன்றுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் இங்கே விலகிக்கொண்டிருக்கின்றன. அந்த விலகலால் தரை எங்கும் விரிசல்கள். அவற்றுள் தண்ணீர் நிறைந்த ஒன்றின் பெயர் சில்ஃப்ரா. ஒரு கையால் அமெரிக்காவையும் மறு கையால் ஐரோப்பாவையும் தொடலாம் என்று பயணிகளிடம் சொல்வதுண்டு. உண்மையில் இரு தட்டுகளுக்கும் இடைப்பட்ட பிளவுப் பகுதி சில கிலோமீட்டர் அகலமானது. சில்ஃப்ரா அதற்குள் இருக்கும் பல வெடிப்புகளில் ஒன்று.

இதன் தண்ணீர் வந்த வழியைக் கேளுங்கள். சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லாங்யோக்குட்ல் பனியாறு உருகி, எரிமலைப் பாறையின் நுண்துளைகளுக்குள் புகுந்து, பல பத்தாண்டுகள் வடிந்து வடிந்து இங்கே ஊற்றாய்ப் புறப்படுகிறது. ஆகையால் அதில் கலங்கல் என்பதே இல்லை. நீருக்கடியில் 100 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும். கோடையிலும் குளிர்காலத்திலும் அதன் வெப்பநிலை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். முக்குளிப்போர் அதை அள்ளிக் குடிக்கவும் செய்கிறார்கள்.

குளிர்நீரில் முக்குளிக்கச் சாதாரண நீச்சலுடை உதவாது. தண்ணீர் காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாய் உடலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆகவே உள்ளே கம்பளி போன்ற தடித்த ஆடையும், அதன்மேல் தண்ணீர் புகாத முழு அங்கியும் அணிகிறார்கள். இதற்கு டிரை சூட் என்று பெயர். அங்கிக்குள் இருக்கும் காற்று மனிதனை மிதக்கச் செய்யுமாதலால், மூழ்குவதற்கு ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். காற்று உருளையோடு சேர்த்து 30 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கி, என் நண்பர்கள் இருவரும் இரும்புப் படிகளில் மெதுவாய் இறங்கினார்கள். வழிகாட்டி முன்னே சென்றார். முக்குளிக்கும் பயிற்சி எனக்கு இல்லாததால் நான் மேலே பாறையருகில் நின்றேன்.

தண்ணீர் அவ்வளவு தெளிவாயிருந்தபடியால், அவர்கள் மூழ்கியதும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதுபோல எல்லாம் தெரிந்தது. சில மீட்டர் ஆழம் போயிருப்பார்கள். அப்பொழுது அண்ணன் தம் கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தினார். "ஆகா, பிரமாதமாயிருக்கிறது என்கிறார்" என்று எண்ணி, நானும் மகிழ்ச்சியோடு பெருவிரலை உயர்த்திக் காட்டினேன்.

என் அறியாமையை என்னென்பது! முக்குளிப்போரின் சைகை மொழியில் "எல்லாம் நலம்" என்பதற்குப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாய்ச் சேர்க்க வேண்டும். பெருவிரலை உயர்த்தினால் "நான் மேலே போகவேண்டும்" என்று பொருள். இளையவர் கண நேரமும் தாமதிக்காமல் தம் பெருவிரலையும் உயர்த்திப் பதில் காட்டி, அண்ணனின் கையைப் பற்றிக்கொண்டார். மூவருமாய் மேலே வந்து படியைப் பிடித்தார்கள். அண்ணனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு இரைத்தது.

நடந்தது என்ன? குளிர்ந்த நீர் முகத்தில் பட்டவுடன் சிலருக்கு மூச்சு தானாகவே விரைவுபடும். விரைந்த மூச்சு பயத்தைக் கூட்டும். பயம் மூச்சை இன்னும் விரைவாக்கும். இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. உருளையில் ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்திருக்கும் காற்று, ரெகுலேட்டர் என்னும் கருவி வழியாக விரிந்து வரும்போது மிகவும் குளிர்ந்துபோகும். எவ்வளவு வேகமாய் மூச்சிழுக்கிறோமோ அவ்வளவு அதிகமாய்க் கருவி குளிரும். உள்ளே பனி உறைந்து அடைப்பான் திறந்தபடியே நின்றுவிட்டால், காற்றெல்லாம் கட்டுக்கடங்காமல் வெளியேறிச் சில நிமிடங்களில் உருளை காலியாகும். இந்தச் சில்ஃப்ராவிலும் உயிரிழந்தோர் உண்டு. 2017-ல் நேர்ந்த ஒரு மரணத்திற்குப் பிறகு விதிகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன.

கரையேறி அமர்ந்தபின் அண்ணன் தலைகுனிந்தபடி, "என்னாலே உன் பயணமும் வீணாய்ப் போயிற்றே தம்பி" என்றார். இருவரும் இந்த ஒரு நாளுக்காக மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்தவர்கள்.

"தண்ணீர் எங்கேயும் போய்விடாது அண்ணே. நீங்கள் விரலை உயர்த்தினீர்களே, அது போதும்" என்றார் இளையவர். அதற்குமேல் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

பின்பு அவர் எனக்கு விளக்கினார். எந்த முக்குளிப்பையும், எந்த நேரத்திலும், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். காரணம் கேட்கக்கூடாது, கேலி செய்யக்கூடாது என்பது முக்குளிப்போர் நடுவே மதிக்கப்படும் நியமம். காரணம் கேட்கத் தொடங்கினால், அடுத்த முறை வெட்கப்பட்டு விரலை உயர்த்தாமல் இருந்துவிடுவார்கள். அந்த வெட்கமே ஆளைக் கொன்றுவிடும். ஆகவேதான் ஒருவரும் தனியே இறங்குவதில்லை. துணையாயிருப்பவர் மேலே போகவேண்டுமானால், மற்றவரும் கூடவே மேலே போகிறார்.

பிற்பகலில் அண்ணன் தேறினார். முக்குளிக்காமல், அதே டிரை சூட்டோடு நீர்மட்டத்தில் முகம் கவிழ்த்து மிதந்து செல்ல ஏற்பாடு உண்டு. அதற்கு நீச்சல் தெரிந்திருந்தால் போதும். மூவரும் சேர்ந்தே இறங்கினோம். உதடுகள் மரத்துப்போயின. ஆயினும் கீழே நான் கண்ட நீலத்திற்கு உவமை சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருபுறமும் கரிய பாறைச் சுவர்கள். அவற்றில் கூந்தல்போல அசையும் பசும்பாசி. மெல்லிய நீரோட்டம் எங்களைத் தானே ஏந்திக்கொண்டு போயிற்று. அண்ணன் என் பக்கம் திரும்பி, இரு விரல்களையும் வட்டமாய்ச் சேர்த்துக் காட்டினார். இம்முறை அதன் பொருள் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்பானவர்களே, உங்கள் வாலிபப் பிள்ளைகள் இக்கலையைக் கற்க விரும்பினால், அந்தமானின் சுவராஜ் தீவில் வெதுவெதுப்பான கடலிலே பயிற்சி பெறலாம். குளிர்நீரும் டிரை சூட்டும் அதற்குப் பிறகே. ஆனால் இறங்குமுன் அந்தப் பெருவிரல் சைகையை அவர்கள் நன்றாய்க் கற்றுக்கொள்ளட்டும்.

நாமும் அதைக் கற்கவேண்டியவர்களே. ஊரைவிட்டு இப்பெருநகரங்களுக்கு வந்து, வேலையிலும் வாடகையிலும் மூச்சிரைக்கிறவர்கள் நம் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார்கள். "எல்லாம் நலம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடந்து போகிறோம். அவர்கள் விரலை உயர்த்தும்போது, மேலே நின்று மகிழ்ச்சியாய்க் கையசைத்த என்னைப்போல் இராதிருங்கள்.