முன்னெழுத்து

ஒரு ஜூக்பாக்ஸ் கம்பெனி வழியாகத்தான் நான் எம்1 கார்பைனிடம் வந்து சேர்ந்தேன். ராக்-ஓலா. காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டிகளைச் செய்த சிகாகோ நிறுவனம். பெயரைக் கேட்டால் ராக் இசைக்காக வைத்தது போலிருக்கும். முதலாளியின் பெயரே டேவிட் ராக்கோலாதான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கம்பெனி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்திருக்கிறது என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போனது.

1941-ல் அமெரிக்க ராணுவம் இந்தச் சிறிய, எடை குறைந்த கார்பைனைத் தேர்வு செய்தது. 1945-க்குள் 6 மில்லியனுக்கும் மேல் செய்து தள்ளிவிட்டார்கள். பத்து முதன்மை ஒப்பந்தக்காரர்களில் பரம்பரையாகத் துப்பாக்கி செய்து வந்தது வின்செஸ்டர் மட்டும்தான். மற்றவர்களைப் பாருங்கள். இன்லண்ட், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. அண்டர்வுட், தட்டச்சு இயந்திரம். நேஷனல் போஸ்டல் மீட்டர், தபால் முத்திரை இயந்திரம். சாகினா, கார் ஸ்டீயரிங் கியர். ஐபிஎம்மும் இருந்தது. குவாலிட்டி ஹார்ட்வேர் கதை இன்னும் வேடிக்கை. அது தன் பட்டறையில் செய்த முக்கியப் பாகம் ரிசீவர் என்ற நடு உடல் மட்டும்தான். மீதியெல்லாம் வெளியே கொடுத்து வாங்கியது.

அப்படியென்றால் ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, இதை யார் செய்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

ரிசீவரின் பின்பக்கம் கம்பெனி பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். பல குழல்களின் முனைப் பக்கத்தில் செய்தவர் பெயரோடு மாதமும் வருஷமும் இருக்கும். ‘அண்டர்வுட் 6-43’ என்றால் 1943 ஜூன். சேஃப்டி, சுத்தியல், பின்குறி மாதிரிச் சின்னச் சாமான்களில் அவ்வளவு இடம் கிடையாது. ஒன்றிரண்டு எழுத்துதான். கடைசி எழுத்து பெரும்பாலும் முதன்மைக் கம்பெனியைக் குறிக்கும். டபிள்யூ என்றால் வின்செஸ்டர், யூ என்றால் அண்டர்வுட். ஐ என்றதும் ஐபிஎம் என்று நினைத்துவிடக் கூடாது. அது இன்லண்ட். ஐபிஎம்முக்கு பி. இந்தக் கடைசி எழுத்துக்கு முன்னால் இன்னோர் எழுத்து நின்றால், அதுதான் அந்த இரும்பை உண்மையிலேயே கடைந்து எடுத்த துணைப் பட்டறை. அதிகம் பேர் கடைசி எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முன்னெழுத்துதான் வேண்டும்.

எழுத்து பாகத்தைப் பற்றித்தான் சொல்லும், முழுத் துப்பாக்கியைப் பற்றி அல்ல. போர் நடக்கும்போதே கம்பெனிகளுக்கிடையே பாகங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஒருவரிடம் குழல் தீர்ந்தால் இன்னொருவரிடமிருந்து வரும். அண்டர்வுட் குழல் வேறு கம்பெனிகளின் கார்பைன்களிலும் உட்கார்ந்தது இப்படித்தான். போர் முடிந்த பிறகு ஆயுதக் கிடங்குகளில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, பழைய பாகத்தைக் கழற்றிப் புதிய மாதிரியைப் பூட்டினார்கள். நகர்த்தி வைக்கக்கூடிய பின்குறி, திருப்பும் சேஃப்டி, பயனெட் மாட்டும் வளையம். எந்த எழுத்து எந்த உடம்புக்குப் போகிறது என்று யார் பார்த்தார்? அந்தப் புதிய பின்குறி கொஞ்சம் பெரியது. அதைப் பூட்டியதும் ரிசீவரில் பொறித்த கம்பெனி பெயரே பல துப்பாக்கிகளில் அதற்கடியில் மறைந்துபோனது.

இந்தக் கார்பைன் நம் பக்கமும் வந்தது. 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில் காவல் படையினரும் தோட்டத் துரைமார்களும் தூக்கிக்கொண்டு நடந்தவற்றில் இதுவும் ஒன்று. பால்மரக் காட்டில் அதைப் பார்த்து ஒதுங்கி நின்றவர்களில் நம் தாத்தா பாட்டிமார்களும் இருந்திருப்பார்கள். இந்த நாட்டில் ஒரு தோட்டாவைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய முடியாது. அதனால் என் ஆராய்ச்சியெல்லாம் படங்களோடும் கண்ணாடிப் பெட்டிகளோடும்தான். பரவாயில்லை, எனக்குச் சுட வேண்டாம்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். இன்லண்ட் ரிசீவர் கிடைத்தால், வேறு எழுத்துள்ள பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, தேடித் தேடி ஐ போட்டதாக வாங்கி மாட்டுகிறார்கள். விலையும் ஏறுகிறது. ஏறுகிற விலைக்கு ஏற்பப் போலி எழுத்தடிக்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்தில் பார்க்க ஆசை என்பார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் தொழிற்சாலையை விட்டு வரும்போதே கலந்து வந்த துப்பாக்கி ஏராளம். இவர்கள் உண்டாக்குவது பல சமயம் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு துப்பாக்கி. கழற்றி எறிந்த பாகத்தோடு ஒரு முன்னெழுத்தும், அதன் பின்னால் இருந்த ஒரு பட்டறையும் போகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

கோபத்துக்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் பெக்டரியில் இருபத்தொரு வருஷம் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். அவர் சாலிடர் வைத்த பலகைகள் யார் யாருடைய பெயரிலோ கப்பலேறின. போன தீபாவளிக்கு, பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த பலகையை அவரிடம் நீட்டினேன்.

“இது உங்க கம்பெனி செஞ்சதாம்மா?”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“பெரிய பேர பாக்காதடா. அது வாங்குறவன் பேரு. மூலைல சின்னதா ஒரு எழுத்து இருக்கும், அதான் லைன். எங்களுது டி. ராத்திரி ஷிஃப்ட்னா பக்கத்துல ஒரு புள்ளி வைப்போம்.”

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் கே என்று இருந்தது.

“இது வேற யாரோ,” என்று சொன்னவர், அதை உடனே திருப்பித் தரவில்லை. சாலிடர் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் வச்சிருக்கா.”