சிகாகோவில் ஒரு காலி மனை

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு 1893-ல் விவேகானந்தர் பேசியதுதான் ஞாபகம் வரும். அவர் பேசிய கட்டடம் இன்று பெரிய சித்திரசாலை. அங்கிருந்து பொடிநடையாகப் பத்து நிமிஷம் போனால் ஸ்டேட் வீதி. ஊரின் பெரிய கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவின் நட்டநடுவே 15 வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்த மனையின் கதையைக் கேளுங்கள்.

அதற்கு '37-ஆம் பிளாக்' என்று பெயர். 1830-ல் ஊரை 58 பிளாக்குகளாக அளந்து படம் போட்டபோது விழுந்த எண். விஸ்தீரணம் சுமார் 3 ஏக்கர். எதிர்சாரியில் மார்ஷல் ஃபீல்ட் என்ற மாளிகைக் கடை. (2006-ல் பெயர் 'மேசிஸ்' என்று மாறிவிட்டது.) "கடிகாரத்தடியில் சந்திப்போம்" என்று பெண்கள் பேசி வைத்துக்கொள்வது அதன் மூலையில் தொங்கும் கடிகாரத்தைத்தான். மனையின் இரு பக்கமும் சுரங்க ரயில் வேறு. பொன் விளையும் பூமி என்று யாருக்குத்தான் தோன்றாது?

நகரசபைக்கும் தோன்றியது. 1872-ல் கட்டிய ஓர் அழகான கட்டடத்துக்கு இருந்த பாதுகாப்பைக்கூட ரத்து செய்து, 1989-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். மின்சார நிலையம் ஒன்றுதான் தப்பியது. அதற்குள் கட்டட வியாபாரம் படுத்துவிட்டது. மனை காலி! குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு விளையாட்டு நடந்தது. 1991 கோடையில் கூடாரம் போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளமும் கொடுத்துச் சித்திரம் கற்பித்தார்கள். அந்த மனைக்கு நேர்ந்தவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கடை வைக்க மனை பார்ப்பவர்கள் வாசலில் நின்று தலைகளை எண்ணுவார்கள். எண்ணட்டும். ஆனால் எந்தத் தலைகள்? காலை எட்டரை மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி ஆபீஸுக்கு ஓடுகிற ஆயிரம் பேர் ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி ஜன்னல் முன் நிற்கிறாளே ஒருத்தி, அவளை அல்லவா எண்ண வேண்டும்! இருட்டிய பிறகு அங்கே யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் குடித்தனங்கள் உண்டா? ஒரு ரவிக்கைத் துணிக்காக மூன்று மாடி ஏற வேண்டுமா? சாமான் லாரி பின்புறமாக வர வழி உண்டா? நம் வீட்டுப் பெண்கள் ஒரு சாயங்காலம் அங்கே நின்றால் போதும், இவ்வளவையும் சொல்லிவிடுவார்கள்.

இடித்து 20 வருஷம் கழித்து, 2009-ல் கடைகளின் மாளிகை ஒன்று அங்கே திறந்தது. அடியில் புது ரயில் நிலையம் கட்டவும் திட்டம் இருந்தது. 20 கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டு 2008-லேயே வேலையை நிறுத்திவிட்டார்கள். அப்போது அமெரிக்கா எங்கும் மந்தம். உள்ளே பல கடைகளுக்கு ஆள் வரவில்லை. கடன் கொடுத்த வங்கி கைப்பற்றியது. 2012-ல் மனை வேறு கைக்குப் போயிற்று.

புதியவர்கள் 2015-ல் மாடியில் சினிமாக் கொட்டகை கொண்டுவந்தார்கள். 2016-ல் அதற்கும் மேலே சுமார் 690 வீடுகள் கொண்ட கோபுரம் எழுந்தது. வீடுகளை முதலில் கட்டிவிட்டுக் கடைகளைப் பிறகு திறந்திருக்கலாம் என்பது என் கட்சி. ராத்திரி எட்டு மணிக்குப் பாலும் ரொட்டியும் தேவைப்படுவது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தானே?