சுவரின் வில்லங்கம்

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீடு வாங்கப் போகிற குடும்பம் முதலில் தேடுவது வக்கீலை. மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், 30 வருஷத்து வில்லங்கம் என்று அவர் தாள் தாளாகப் புரட்டுகிறார். வீட்டைப் பார்ப்பதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரத்தோடு சரி. அதிலும் பாதி, வாசல் எந்தத் திசை என்ற பேச்சிலேயே போய்விடும். இருபது வருஷம் தவணை கட்டத் துணிந்தவர்கள் ஒரு கட்டடப் பொறியாளரின் கூலிக்குத் தயங்குவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. தனக்குத் தெரிந்த பெருங்குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குகிறவருக்கே தெரிந்திருக்கும் குறைகளை அது விலக்கி வைக்கிறது. 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் ஐந்து வருஷப் பொறுப்பு, கட்டி விற்கிறவர்களுக்கானது. தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் விற்கும்போது அதைக் காட்டிக் கேட்க முடியாது.

பழசு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைக் குடித்தது, கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடம்.

மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மாடித்தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். தேக்கு உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், கோணலாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கினார்கள். மேலே தட்டோடு. நூறு வருஷம் தாண்டியும் இப்படிப்பட்ட தளங்கள் நிற்கின்றன. கெடுகிற இடம் பெரும்பாலும் உத்திரத்தின் நுனிதான். சுவருக்குள் புதைந்த அந்த முனையில் ஓதம் ஏறினால் மரம் உளுத்துப்போகும். கீழிருந்து பார்க்கிறவருக்கு நடு உத்திரம் பளபளவென்றே இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். பக்கத்திலேயே கரையான் மண்கோடு இழுத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் கவனம் தேவை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளும்.

கம்பி போட்டுக் கட்டிய வீடுகளின் சங்கடம் வேறு. கம்பி துருப்பிடித்தால் இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த உப்பல்தான் கான்கிரீட்டை உடைக்கிறது. சன்ஷேடின் அடியிலும் குளியலறைக் கூரையிலும் முதலில் தெரியும். கடலோரத்து உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பி, பட்டி பார்த்து, புதுப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்துக்கு ஒன்றும் தெரியாது. விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் முதலில் அந்த அறைக்குள்தான் போக வேண்டும்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. தலைமுடி போன்றவை பூச்சில் வருபவை, வீட்டோடு வாழ்ந்துவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு மாதிரி ஏறினால், அஸ்திவாரத்தில் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று சந்தேகப்படலாம். களிமண் நிலத்தில் அது அடிக்கடி நடக்கும். மழையில் மண் உப்பி, கோடையில் சுருங்கும்போது சுவரும் கூடவே அசைகிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டு சாத்த மறுப்பதும் அதே கதையைச் சொல்லக்கூடும்.

அசைவு நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டிப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிடுவது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஐப்பசி, கார்த்திகை மழை கழியும்வரை அதை அப்படியே விட்டுவைக்க விற்கிறவர் சம்மதிக்கிறாரா என்று, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுப் பார்க்கலாம்.