நடுப்பீலி

நம்ம பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். வளவில் இடமிருந்தால் மூத்தவளின் வீட்டோடு ஒட்டியே இளையவளுக்கும் கட்டிவிடுவோம். சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக்குடி, எங்கு போனாலும் இதைப் பார்க்கலாம். இரண்டு கூரைத் தண்ணீரும் வந்து விழும் இடத்தில் ஒரு தகரப் பீலி கிடக்கும். அது யாருடைய பீலி என்ற கேள்வி கச்சான் காலத்தில் வராது. மாரி பிறந்ததும் வந்துவிடும்.

எங்கள் மாமி இருப்பது இளைய மகளோடு. அவரது அறைச் சுவரில் நாலு வருடமாக ஈரம். மழை வந்தால் கட்டிலை இழுத்துப் போட வேண்டும். "உங்கட ஓட்டாலதான் தண்ணி வருது" என்று அந்தப் பக்கம். "சுவர் உங்கட, நாங்க என்ன செய்ற?" என்று இந்தப் பக்கம். சகலனும் நானும் பள்ளியில் சந்தித்தால் எல்லாம் பேசுவோம், மழையைத் தவிர. வருடா வருடம் ஒரு மேசன் வந்து பீலிக்குத் தார் பூசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு மறுபடியும் ஒழுகும்.

இம்முறை மாமியிடமே கேட்டேன், "எந்த மழைக்கு ஒழுகுது மாமி?"

"தூறலுக்கு ஒண்டுமில்ல மகன். சோவெண்டு அடிச்சாத்தான்."

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்தது. தகரத்தில் ஓட்டை என்றால் தூறலுக்கும் சொட்ட வேண்டும். பெருமழைக்கு மட்டும் ஒழுகினால் பீலி நிரம்பி வழிகிறது.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு சகலனும் நானும் ஏறினோம். (பாசி பிடித்த ஓடு வழுக்கும். ஏணியை ஒருவர் பிடிக்காமல் ஏறாதீர்கள். கரண்ட் வயர் எந்தப் பக்கம் வருகிறது என்றும் பாருங்கள்.) வேப்பஞ்சருகை அள்ளி எடுத்துவிட்டு ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். கீழே ஒரு சொட்டுமில்லை. பிறகு பழைய சாரன் துண்டால் குழாய் வாயை அடைத்துப் பீலியை நிரப்பினோம். மூன்று விரல் ஏறியதும் கீழேயிருந்து சின்ன மகளின் சத்தம்: "வருது வாப்பா, வருது!"

ஒரு இடத்தில் தகரத்தின் விளிம்பு வளைந்து தாழ்ந்திருந்தது. தண்ணீர் அதைத் தாண்டி ஓட்டுக்கடியில் போய், சுவருக்கு மேலுள்ள மரத்தோடு ஓடி, நாலடி தள்ளி இறங்கியது. ஈரம் தெரிந்த இடத்துக்கு மேலேயே தார் பூசிக் கொண்டிருந்தால் எப்படி நிற்கும்? சோக்கட்டியால் விளிம்பில் கோடு போட்டு வைத்தேன்.

விளிம்பு தாழ்ந்தது ஒரு பக்கம். ஏன் நிரம்புகிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். அந்தப் பீலிக்குச் சாயும் கூரை, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 60 சதுர மீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் பத்து நிமிடம் அடித்தால் 1000 லீற்றர். அதற்கு வழி ஒரேயொரு 2 அங்குலக் குழாய், அதிலும் பாதி சருகு. 4 அங்குலமாக்கினால் வாய் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு.

செலவைப் பாதி பாதி போட்டோம். விளிம்பை உயர்த்தி, 4 அங்குலக் குழாய் பூட்டி, தெருவோரக் கானுக்கு விட்டோம். தெருப்பக்க முனையில் விளிம்பை விடத் தாழ்வாக ஒரு வெட்டும் வைத்தோம். குழாய் அடைத்தாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் விழும், அறைக்குள் வராது. கடைசியாகச் சரிவையும் சரிபார்த்தோம். பீலியில் தண்ணீர் தேங்கி நின்றால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு நுளம்பு பறந்துவிடும்.

அதன் பிறகு இரண்டு பெருமழை வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கட்டில் நகரவில்லை. சுவரின் உள்ளீரம் காய இன்னும் நாளெடுக்கும், பெயின்ட் மாரி முடிந்த பிறகுதான். மாமிக்குப் பச்சை வேண்டுமாம். மகள்மார் இரண்டு பேரும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து வெள்ளைதான் என்று நிற்கிறார்கள்.