புகையின் நிறத்தைப் பார்த்தாலே பாதிக் கோளாறு தெரியும்

ஆடி வெள்ளியன்று சந்தவாசல் கூட்டுரோட்டில் சற்று நேரம் நின்றால் போதும். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்பும் பழைய கார்கள், வேன்களின் பின்னால் மூன்று நிறப் புகையையும் பார்த்துவிடலாம்.

கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. மெக்கானிக்குகள் முதலில் கழற்றுவது ஏர் ஃபில்டரைத்தான். புழுதி ரோட்டில் ஓடும் வண்டியில் அதைத் தட்டினால் கைப்பிடி மண் கொட்டும். அது சுத்தமாக இருந்தால் இன்ஜெக்டர், டர்போ குழாய்க் கசிவு என்று தேடுவார்கள்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். மேடேறும்போதெல்லாம் வந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல்.

குளிர்காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி போலப் படிந்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் ஆபத்து.

கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை அமுக்குவது வைத்தியமல்ல. தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான்.

பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் 1 ஆண்டு செல்லும். அதற்கும் பழையவற்றுக்கு 6 மாதம். சோதனைக்குப் போகுமுன் ஏர் ஃபில்டரையும் ஆயில் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.